மாகறல் பலாப்பழம்

காஞ்சீபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற சாலையில் சுமார் 16 கிலோமீட்டர் பிரயாணம் செய்தால் மாகறல் என்னும் ஊர் வரும். செய்யாற்றங்கரையில் உள்ள சிறிய ஊர். சரித்திரப் பித்துப் பிடித்தவர்கள் பெரும்பாலும் இங்கே இறங்குவதில்லை. நேரே உத்திரமேரூருக்குப் போய்விடுவார்கள். அங்கே முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், குடவோலை முறையில் ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கும் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். தேர்தல் என்ற சொல் காதில் விழுந்தால் நமக்கு வருகிற உற்சாகம் தெரிந்ததுதானே! நானும் அந்தக் கல்வெட்டைப் பார்க்கத்தான் கிளம்பினேன். ஆனால் நான் ஏறிய பஸ்ஸுக்கு என்ன தோன்றிற்றோ, மாகறலில் வந்து மூச்சை விட்டுவிட்டது. அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். கோவிலுக்குள் போய் உட்கார்ந்தேன்.

மண்டபத்துத் தூணில் சாய்ந்துகொண்டு ஒரு பெண் கையில் செல்பேசியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம்.

"என்னம்மா, சினிமாவா?" என்று கேட்டேன். வயதானால் இப்படி அசட்டுக் கேள்வி கேட்கும் உரிமை வந்துவிடுகிறது.

"இல்லீங்க சார், பாடம்" என்றாள். "ஐ.ஐ.டி. புரொபஸர் நடத்துறது. எங்க காலேஜுல ஒரு பேப்பரை இப்படித்தான் முடிக்கச் சொல்லியிருக்காங்க. வீட்டுல சிக்னல் வராது. இங்கே வந்தா கொஞ்சம் கிடைக்கும்."

"புரிகிறதா?"

"நல்லாத்தான் சொல்றாரு சார். புரியலைன்னா நிறுத்திட்டு மறுபடியும் கேட்டுக்கலாம்." சற்று யோசித்தாள். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஆனா மறுபடியும் அதையேதான் சொல்றாரு."

அன்று நான் உத்திரமேரூருக்குப் போனேன், கல்வெட்டையும் பார்த்தேன். ஆனால் மனதில் நின்றது இந்த ஒரு வாக்கியந்தான். சர்வகலாசாலைக் கல்வியைக் கம்பி வழியாகவும் ஆகாயத்தின் வழியாகவும் அனுப்புவதற்கு உலகத்தில் எத்தனையோ மேதைகள் எத்தனையோ ஆண்டுகள் பாடுபட்டிருக்கிறார்கள். அவர்களுடைய வெற்றியையும் குறையையும் அந்தப் பெண் அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். அந்த முயற்சியின் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் மாகறலின் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

ராஜேந்திர சோழன் காலத்தில் இந்த ஊரில் ஒரு பலா மரம் இருந்ததாம். நாள் தவறாமல் ஒரு பழம் தருமாம். அந்தப் பழத்தை ஊரார் முறை வைத்துத் தலையில் சுமந்து சிதம்பரத்துக்குக் கொண்டு போக வேண்டும். நடராஜப் பெருமானுக்கு நைவேத்தியம் ஆன பிறகு பிரசாதம் அரசனுக்குச் சேரும். சிதம்பரம் இங்கிருந்து நூறு மைல் இருக்கும். பலாப்பழம் என்ன எலுமிச்சம்பழமா, மடியில் கட்டிக்கொண்டு போக? ஒரு வீட்டின் முறை வந்தபோது, அந்த வீட்டுச் சிறுவன் யோசித்தான். மரம் இருக்கிற வரையில்தானே இந்தச் சுமை? மரத்தைக் கொளுத்திவிட்டான். பழம் வராததைக் கண்டு அரசன் விசாரணைக்கு வந்தான்; பையனுக்குத் தண்டனை விதித்தான். அப்போது பொன்னிறமான ஓர் உடும்பு அவன் கண்ணில் பட்டு, புற்றுக்குள் மறைந்தது. புற்றைக் கிளறியபோது சிவபெருமான் வெளிப்பட்டார். இன்றும் மூலவர் உடும்பின் வாலைப் போன்ற வடிவத்தில் இருப்பதாகச் சொல்லுகிறார்கள்.

திருஞானசம்பந்தர் இந்தத் தலத்தைப் பாடியது ஏழாம் நூற்றாண்டில். ராஜேந்திரன் பதினொன்றாம் நூற்றாண்டு. அப்படியானால் பாட்டு முந்தியதா, பலா முந்தியதா என்று நீங்கள் கேட்கலாம். ஸ்தல புராணத்திடம் வருஷக் கணக்குக் கேட்பது தாயிடம் பாலுக்குக் கணக்குக் கேட்பது போல. அதை விட்டுவிடுவோம். என் மனதைத் தொட்டவன் அந்தச் சிறுவன். பழம் இனிப்பானது, சேருமிடமும் உயர்வானது, ஆனாலும் அவன் மரத்தைக் கொளுத்தினான். ஏனென்றால் சுமை அவன் வீட்டுத் தலையில் இருந்தது. அந்தச் சுமையைப்பற்றி யாரும் கேட்கவில்லை.

இந்தக் காலத்தில் பழம் எதிர்த் திசையில் வருகிறது. சென்னையிலிருந்தும் பம்பாயிலிருந்தும் பாஸ்டனிலிருந்தும் பாடங்கள் மாகறலுக்கு வருகின்றன. சுமை மட்டும் திசை மாறவில்லை. அது மாகறலின் தலையிலேயே இருக்கிறது.

மாகறலைக் கடந்து கிழக்கே ஓடும் செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. வேகவதியும் அங்கே வந்து சேர்கிறது. மூன்று ஆறுகள் கூடும் அந்த இடத்தில் வேங்கடேசப் பெருமாள் கோவில் ஒன்று உண்டு. அதன் சுவரில் வீரராஜேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு இருக்கிறது. பதினொன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்தக் கோவிலைச் சார்ந்து ஒரு கல்லூரியும், மாணவர் விடுதியும், வீரசோழன் என்ற பெயரில் 15 படுக்கைகள் உள்ள ஆதுலர் சாலையும் நடந்தன என்பதை அது சொல்லுகிறது. ஆதுலர் சாலை என்றால் ஆஸ்பத்திரி. வைத்தியர் ஒருவர், அறுவை செய்கிறவர் ஒருவர், மூலிகை கொண்டு வருகிறவர்கள், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல் என்பது வரையில் கணக்கு இருக்கிறது.

அந்தக் கல்லூரியில் வேதமும் வியாகரணமும் சொல்லிக் கொடுத்தார்கள். எல்லா ஜாதிப் பிள்ளைகளுக்கும் அங்கே இடம் இருந்தது என்று எண்ணி நாம் ஆனந்தக் கண்ணீர் விட வேண்டாம், அப்படி இல்லை. ஆனால் அந்தக் கல்வெட்டில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. படிக்கிறவனுக்குச் சோறு வேண்டும், படுக்கப் பாய் வேண்டும், சனிக்கிழமை தலை முழுக எண்ணெய் வேண்டும், இரவில் எரிக்க விளக்கெண்ணெய் வேண்டும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். யோசித்ததோடு நில்லாமல் அதற்கு நிலத்து வருமானத்தையும் ஒதுக்கிக் கல்லில் எழுதியிருக்கிறார்! பாடம் சொல்லிக் கொடுப்பதோடு கல்வி முடிந்துவிடவில்லை, பாடம் படிக்கிறவனுடைய இரவையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி ஏழு நூற்றாண்டுகளைத் தாண்டிச் சென்னை எழும்பூருக்கு வருவோம். 1789-ஆம் ஆண்டில் அங்கே ஆண்டுரூ பெல் என்ற ஸ்காத்லாந்துப் பாதிரியார், ஆங்கிலச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியில் கல்விப் பொறுப்பை ஏற்றார். ஆசிரியர்கள் போதவில்லை, இருந்தவர்களும் அவர் சொன்னபடி கேட்கவில்லை. ஒரு நாள் வெளியே போனபோது நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்றைப் பார்த்தார். பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். நாம் சட்டாம்பிள்ளை என்று சொல்லுவோமே, அந்த ஏற்பாடுதான். பெல் துரைக்குக் கண் திறந்துவிட்டது. தம் விடுதியில் எட்டு வயதுப் பையன் ஜான் பிரிஸ்கன் என்பவனை அரிச்சுவடி வகுப்புக்கு வாத்தியார் ஆக்கினார். பையன் பெரியவர்களைவிட நன்றாகச் சொல்லிக் கொடுத்தான்.

1797-ல் பெல் இதைப்பற்றி லண்டனில் ஒரு சிறு புத்தகம் போட்டார். 'சென்னை முறை' என்று பெயர் பெற்று அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. ஸ்காத்லாந்தில் செயின்ட் ஆண்டுரூஸ் நகரத்தில் அவர் விட்டுச் சென்ற பணத்தில் கட்டிய பள்ளிக்கூடத்துக்கு 'மெட்ராஸ் காலேஜ்' என்று பெயர்; இன்றும் அந்தப் பெயரில்தான் நடக்கிறது. உலகத்துக்குக் கல்வி முறையைக் கடன் கொடுத்த பெருமை நம்முடைய திண்ணைக்கு உண்டு என்று நாம் மார்தட்டிக்கொள்ளலாம்.

ஆனால் மார்தட்டி முடிந்ததும் மற்றொன்றையும் பார்க்க வேண்டும். இந்த முறை இங்கிலாந்தில் அவ்வளவு வேகமாகப் பரவியதற்குக் காரணம் அது மலிவானது. ஒரே வாத்தியார் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்றதும் பணம் கொடுக்கிறவர்களுக்கு வாயெல்லாம் பல் ஆயிற்று. திண்ணையில் வாத்தியாருக்குத் துணையாக இருந்த சட்டாம்பிள்ளை, அங்கே போனதும் வாத்தியாருக்குப் பதிலாக ஆகிவிட்டான். பிறகு பலன் குறைந்தது. முறைக்கே கெட்ட பெயர் வந்து, அந்த நூற்றாண்டிலேயே கைவிடப்பட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொல்லப் போகும் கதையில் இந்த ஆபத்துத் திரும்பத் திரும்ப வரும்.

1857-ல் சென்னைச் சர்வகலாசாலை ஏற்பட்டது. லண்டன் சர்வகலாசாலையை மாதிரியாக வைத்து ஏற்படுத்தினார்கள். அந்த மாதிரியின் விசேஷம் என்னவென்றால், சர்வகலாசாலை பாடம் நடத்தாது, பரீட்சை நடத்தும். பாடத்தைக் கல்லூரிகள் எங்கே வேண்டுமானாலும் நடத்திக்கொள்ளலாம். அடுத்த ஆண்டில், 1858-ல், லண்டன் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. எந்தக் கல்லூரியிலும் சேராமல் வீட்டிலேயே படித்தவனும் பரீட்சை எழுதிப் பட்டம் வாங்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. தொலைதூரக் கல்வி என்று இன்று நாம் சொல்லும் விருட்சத்துக்கு அதுதான் வித்து.

நம் தேசத்தில் அந்த வித்து முளைக்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1962-ல் தில்லிச் சர்வகலாசாலை தபால் வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரை சர்வகலாசாலை 1971-ல் தொடங்கியது. 1985-ல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் ஏற்பட்டன. தபால்காரர் கொண்டு வந்து போடும் பாடக் கட்டுக்களைப் பகலெல்லாம் ஆபீஸில் வேலை பார்த்த குமாஸ்தாக்களும், மூன்று குழந்தைகளுக்குத் தாயான ஆசிரியைகளும் இரவில் உட்கார்ந்து படித்துப் பட்டம் வாங்கினார்கள். விளக்கெண்ணெய்ச் செலவு அவர்களுடையது. அதை நாம் குறைத்து மதிக்கக் கூடாது. கல்லூரி வாசலில் நின்று திரும்பிய தலைமுறை ஒன்று அந்தத் தபால் கட்டைப் பிடித்துக்கொண்டுதான் கரையேறிற்று.

பிறகு டெலிவிஷன் வந்தது. 1984 ஆகஸ்டு 15-ஆம் தேதி, இன்ஸாட் செயற்கைக் கோளின் உதவியால், சர்வகலாசாலை மானியக் குழு 'நாடளாவிய வகுப்பறை' என்ற நிகழ்ச்சியைத் தூர்தர்ஷனில் தொடங்கியது. தேசத்திலுள்ள கல்லூரிகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் ஒரே பாடம்! அதற்கான நிகழ்ச்சிகளைத் தயாரிக்கும் நிலையங்கள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் மதுரையிலும் கூட ஏற்பட்டன. நிகழ்ச்சிகள் பலவும் உயர்ந்த தரத்தில் இருந்தன.

நான் இரண்டு ஆண்டுகள் கல்லூரிக்குப் போனவன். பட்டம் வாங்கும் வரையில் என் பொறுமையும் தந்தையின் பணமும் நீடிக்கவில்லை. நான் படித்த கல்லூரியில் டெலிவிஷன் பெட்டி ஒன்று இருந்தது. அது மரப்பெட்டிக்குள் இருந்தது. மரப்பெட்டி பூட்டப்பட்டிருந்தது. சாவி தலைமைக் குமாஸ்தாவிடம் இருந்தது. பாடம் ஒளிபரப்பாகும் நேரத்தில் அவர் சாப்பிடப் போயிருப்பார். திரும்பி வரும்போது ஆகாயத்திலிருந்து இறங்கிய பாடம் மறுபடியும் ஆகாயத்துக்கே போயிருக்கும்! செயற்கைக் கோளை அனுப்பிய தேசத்தால் சாவியை அனுப்ப முடியவில்லை.

அதே காலத்தில் வேறொரு வலையும் பின்னப்பட்டு வந்தது. 1986-ல் மத்திய அரசின் எலெக்ட்ரானிக்ஸ் இலாகா, ஐக்கிய நாடுகளின் உதவியுடன், எர்நெட் என்ற கம்ப்யூட்டர் வலையைத் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட ஐந்து ஐ.ஐ.டி.களும், பெங்களூர் விஞ்ஞானக் கழகமும், பம்பாயிலிருந்த கம்ப்யூட்டர் நிலையம் ஒன்றும் அதில் சேர்ந்தன. பொது ஜனங்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்டு 15-ல். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கிண்டியில் மான்கள் மேயும் காட்டுக்குள் இருந்த பேராசிரியர்கள் வெளிநாட்டுப் பேராசிரியர்களுடன் கம்ப்யூட்டர் மூலம் கடிதப் போக்குவரத்து நடத்திக்கொண்டிருந்தார்கள்.

அங்கேதான் 1999-ல் ஒரு யோசனை வேர்விட்டது. தேசமெங்கும் பொறியியற் கல்லூரிகள் மழைக்காலத்துக் காளான் போல் முளைத்துக்கொண்டிருந்தன. தமிழ்நாட்டில் மட்டும் ஒரு கட்டத்தில் ஐந்நூறுக்கு மேல் போயிற்று. கட்டடம் கட்டச் செங்கல் கிடைத்தது. பாடம் நடத்த ஆசிரியர் கிடைக்கவில்லை. ஐ.ஐ.டி.யில் உள்ள நல்ல ஆசிரியரின் பாடத்தை எல்லோரும் கேட்கும்படி செய்தால் என்ன? ரசாயனப் பொறியியல் பேராசிரியரும், 2001 முதல் 2011 வரையில் சென்னை ஐ.ஐ.டி.யின் இயக்குநருமாக இருந்த எம். எஸ். ஆனந்த் இந்த யோசனையை முன் நின்று வளர்த்தவர்களில் முக்கியமானவர். 2003-ல், மத்திய அரசு கொடுத்த சுமார் 20 கோடி ரூபாயில், ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து வேலையைத் தொடங்கின. என்.பி.டி.இ.எல். என்று இன்று மாணவர்கள் வாயில் புழங்கும் திட்டம் அதுதான். மாகறல் பெண்ணின் கையில் நான் பார்த்த பாடமும் அதைச் சேர்ந்ததே.

இங்கே இன்னொரு முயற்சியையும் சொல்லாவிட்டால் தமிழுக்குத் துரோகம் செய்தவன் ஆவேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. அதன் பயனாக 2001 பிப்ரவரி 17-ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றியது. அண்ணா பல்கலைக்கழகத்திலும் இந்திரா காந்தி பல்கலைக்கழகத்திலும் துணைவேந்தராக இருந்த வா. செ. குழந்தைசாமி அதற்கு வழிகாட்டினார். கடல் கடந்து வாழும் தமிழர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பது அதன் நோக்கம். அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பாடத்தை இணையத்தில் போட்டதோடு நிற்காமல், அந்தந்த நாட்டில் தொடர்பு மையங்களை ஏற்படுத்தினார்கள். பாடம் சென்னையிலிருந்து போகட்டும். சந்தேகம் கேட்க ஓர் ஆள் பக்கத்தில் இருக்கட்டும் என்பது அதன் தாத்பரியம். அந்த நிறுவனம் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் நடக்கிறது.

அமெரிக்காவில் 2011-ல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையின் இரண்டு ஆசிரியர்கள் செயற்கை அறிவுபற்றிய ஒரு பாடத்தை இணையத்தில் இலவசமாக நடத்தினார்கள். ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள்! மறு ஆண்டே கம்பெனிகளும் சங்கங்களும் கிளம்பின. இனிக் கல்லூரிக் கட்டடங்களெல்லாம் எதற்கு, ஒரு துறைக்கு உலகத்தில் ஒரு நல்ல ஆசிரியர் இருந்தால் போதாதா என்று சிலர் பேசினார்கள். எழும்பூரில் பெல் துரை கண்டதையும், அதை மலிவாக வாங்கியவர்கள் அதற்குச் செய்ததையும் அவர்கள் படித்திருக்கவில்லை போலும்.

பிறகு கணக்கு வந்தது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய இணையப் பாடங்களின் பதிவுகளை ஆராய்ந்து 2019 ஜனவரியில் 'சயன்ஸ்' பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. 2017-18-ல் பெயர் கொடுத்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான். சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களிலோ நூற்றுக்கு நாற்பத்தாறு பேர் முடித்தார்கள். மற்றவர்கள் எங்கே போனார்கள்? சிலர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள், அவர்களை விட்டுவிடலாம். மீதிப் பேர் சுமக்க முடியாமல் பழத்தை வழியிலே வைத்துவிட்டுப் போனவர்கள். அவர்களும் மாகறல் சிறுவனின் ஜாதிதான்.

சென்னையில் திட்டம் நடத்தியவர்கள் இதை உணராதவர்கள் அல்லர். 2014 முதல் பாடத்தை வாரம் வாரமாக நடத்தினார்கள். வாரந்தோறும் பயிற்சிக் கணக்கு, சந்தேகம் எழுதிக் கேட்க ஓர் இடம், கடைசியில் ஊர் ஊராக மையம் வைத்து நேரில் கண்காணிப்புடன் பரீட்சை. சேர்ந்து படிக்கக் கட்டணம் இல்லை. பரீட்சைக்கு மட்டும் உண்டு. 2017 ஜூலை 9-ல் மத்திய அரசு ஸ்வயம் என்ற பொதுத் தளத்தைத் தொடங்கியது. ஒரு மாணவன் தன் பட்டத்துக்கு வேண்டிய பாடங்களில் நூற்றுக்கு இருபது பங்கு வரையில் இந்தத் தளத்தில் படித்துக்கொள்ளலாம் என்று மானியக் குழு 2016-ல் விதி செய்தது. 2021-ல் அதை நாற்பது பங்கு ஆக்கியது. 2020 ஜூனில் சென்னை ஐ.ஐ.டி. ஒரு முழுப் பட்டப் படிப்பையே இணையத்தின் வழியாக அறிவித்தது. நுழைவுத் தேர்வின் இரும்புக் கதவைத் தாண்ட முடியாதவர்களுக்கும் ஐ.ஐ.டி.யில் படிக்க ஒரு பக்கவாசல் திறந்தது. இவை சாமானியமான காரியங்கள் அல்ல. பக்கவாசல் வழியே போனாலும் உள்ளே இருப்பது அதே கோவில்தானே!

இதற்கிடையில் 2020 மார்ச்சில் கொரோனா வந்தது. கல்லூரிகள் மூடப்பட்டன. அதுவரையில் இணையக் கல்வி வேண்டுமா, வேண்டாமா என்று கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒரே வாரத்தில் இணையத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். கரும்பலகைக்கு முன்னால் முப்பது ஆண்டுகள் கர்ஜித்த ஆசிரியர்கள் சின்னஞ்சிறு கண்ணாடிச் சில்லைப் பார்த்துப் பேசப் பழகினார்கள். மாணவர்கள் மொட்டை மாடியிலும் ஏரிக்கரையிலும் வேப்ப மரத்தடியிலும் நின்று சிக்னல் தேடினார்கள். ஒரு வீட்டில் ஒரு செல்பேசி, படிக்கிற பிள்ளைகள் மூன்று பேர். அண்ணனுக்குக் காலையில் வகுப்பு, தங்கைக்கும் காலையில் வகுப்பு. யார் விட்டுக் கொடுத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அரசாங்கம் சும்மா இருந்ததாகச் சொல்லமாட்டேன். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 முதல் மாணவர்களுக்கு விலையில்லா லாப்டாப் கொடுத்த திட்டம் அந்தச் சோதனைக் காலத்தில் எத்தனையோ வீடுகளுக்குக் கை கொடுத்தது. 2021 ஜனவரியில், கல்லூரி மாணவர்கள் சுமார் 9.69 லட்சம் பேருக்கு, ஏப்ரல் வரையில் தினம் 2 ஜி.பி. டேட்டா இலவசம் என்று மாநில அரசு அறிவித்தது. இதைப் படித்தபோது எனக்குத் திருமுக்கூடல் ஞாபகந்தான் வந்தது. விளக்கெண்ணெய்க்கு மானியம்! ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் அதே கணக்கு. என்ன வித்தியாசம் என்றால், சோழன் எழுதியது கல்லில், சந்திர சூரியர் உள்ளவரையில். நாம் எழுதியது நாலு மாதத்துக்கு.

இப்பொழுது நான் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

பாடத்தை அனுப்புகிற வித்தை நமக்கு வந்துவிட்டது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. உலகத்தின் தலைசிறந்த ஆசிரியர் மாகறல் மண்டபத்தில் வந்து உட்கார்ந்து பாடம் சொல்லுகிறார். ஒரு பைசா தட்சிணை கேட்பதில்லை. பல பாடங்களைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் எழுத்தாகவும் தந்து வருகிறார்கள். ஆனால் அனுப்புகிற முனையில் செலவழித்த மூளையிலும் பணத்திலும் பத்தில் ஒரு பங்கையாவது பெறுகிற முனையில் செலவழித்தோமா? டெலிவிஷன் காலத்தில் சாவியை மறந்தோம். செல்பேசிக் காலத்தில் சிக்னலை மறந்தோம். எல்லாக் காலத்திலும் ஒரு மனிதரை மறந்தோம். அந்தப் பெண் சொன்னாளே, மறுபடியும் அதையேதான் சொல்லுகிறார் என்று. ஆசிரியர் என்பவர் மறுபடியும் வேறு விதமாகச் சொல்லுகிறவர். மாணவியின் முகத்தைப் பார்க்கிறார். புரியவில்லை என்று கண்டுகொள்கிறார். வேறோர் உதாரணம் எடுக்கிறார். கணக்கில் புரியாததைக் கழனியைக் காட்டிச் சொல்லுகிறார். அவர் ஐ.ஐ.டி.க்காரராக இருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் இருந்தால் போதும்.

இந்தப் பாடங்கள் அவருக்குத் துணையாக வந்தால் அமிர்தம். அவருக்குப் பதிலாக வந்தால் என்ன ஆகும் என்பதைப் பெல் துரையின் கதை சொல்லிவிட்டது. நிரந்தர ஆசிரியர் இல்லாமல் கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டே காலம் தள்ளும் கல்லூரிகள் நம்மிடம் உண்டு. அங்கே, இணையத்தில்தான் பாடம் இருக்கிறதே, ஆள் எதற்கு என்று ஒரு நிதி இலாகா அதிகாரிக்குத் தோன்றிவிடக்கூடாது. நாற்பது பங்கு என்னும் விதி மாணவனுக்குக் கொடுத்த சுதந்திரமாக இருக்க வேண்டும். கல்லூரிக்குக் கிடைத்த சிக்கனமாக ஆகிவிடக்கூடாது.

செய்யக்கூடியது பெரிய காரியமும் அல்ல. சுதந்திரம் பெற்ற மறு ஆண்டே, 1948-ல், பொது நூலகச் சட்டம் கொண்டு வந்த மாகாணம் நம்முடையது. சீர்காழியில் பிறந்து கணித ஆசிரியராக இருந்து நூலகத்துக்கு வந்த எஸ். ஆர். ரங்கநாதனின் உழைப்பால் வந்த சட்டம் அது. 2006-க்குப் பிறகு கிராமப் பஞ்சாயத்துக்களில் நூலகக் கட்டடங்கள் எழுந்தன. அவற்றில் ஓர் அறையை இரவு ஒன்பது மணி வரையில் திறந்து வைத்து, நல்ல இணையத் தொடர்பும், நாலு நாற்காலியும், ஒரு விளக்கும் வைக்கட்டும். பக்கத்துக் கல்லூரியில் அதே பாடத்தைப் போன ஆண்டு முடித்த மாணவி ஒருத்திக்குக் கொஞ்சம் சம்பளம் கொடுத்து வாரம் இரண்டு நாள் அங்கே உட்கார வைக்கட்டும். சட்டாம்பிள்ளையை உலகத்துக்குக் கொடுத்த நாடு, தனக்கென்று ஒரு சட்டாம்பிள்ளையை வைத்துக்கொள்ளக் கூடாதா?

மாகறலில் அன்று நான் புறப்படும் நேரத்தில் இன்னொரு பெண் வந்து சேர்ந்தாள். முன்னவளின் தோழி. இருவரும் சேர்ந்து அந்தப் பாடத்தை இன்னொரு தடவை போட்டுக் கேட்டார்கள். ஓரிடத்தில் நிறுத்தினார்கள். முன்னவள் நோட்டில் ஏதோ படம் போட்டு விளக்கிச் சொன்னாள். "அவரு சொன்னது இதுதானாடி?" என்று கேட்டாள் வந்தவள். "இருக்கும்னுதான் நினைக்கிறேன்" என்றாள் இவள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அதை அவர்களுக்கு நிச்சயமாகச் சொல்ல அந்த ஊரில் ஓர் ஆள் இருந்திருக்கலாம்.

பஸ் வந்துவிட்டது, ஏறிக்கொண்டேன். கோபுரம் கண்ணை விட்டு மறையும் வரையில் அந்தப் பலா மரத்தைக் கொளுத்திய சிறுவனைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அவனைத் தண்டிக்க அரசன் அவ்வளவு தூரம் வந்தான். அதற்கு முன்னால் ஒரு வண்டியும் ஒரு ஜோடி மாடும் அனுப்பியிருந்தால், அந்த மரம் பிழைத்திருக்கும்.